தூணுக்குப் பத்துக் கம்பி

மார்ச் 4, சனி

மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு ஒழுகியது. வாஷர் மாற்றிவிட்டுக் கீழே இறங்கினால் கதவில் பேப்பர் ஒட்டியிருக்கிறது. ஹீப்ருவில் ஒரு பக்கம், நகராட்சி முத்திரையோடு. மேல் மாடி அனுமதி இல்லாமல் கட்டியதாம். இருபத்தொரு நாளுக்குள் நாங்களே இடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வந்து இடிப்பார்கள், அந்தக் கூலியையும் எங்களிடமே வசூலிப்பார்கள்.

அப்பா நின்றபடியே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மளிகைச் சீட்டு மாதிரி.

"காபி போடட்டுமா?" என்றார்.

இருபத்தொரு நாள். மைசூன் பெத்லஹேம் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆனதும் அவள் ஜெருசலேமில் என்னோடு இருக்க அனுமதி கேட்டு மனுப் போட்டோம். நாலு வருடம், ஒரு வரி பதில் வரவில்லை. இடிப்பதற்கு மட்டும் நாள் துல்லியமாகத் தெரிகிறது இவர்களுக்கு.

மார்ச் 5, ஞாயிறு

அவள் போய் இன்றோடு ஏழு மாதம். எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 7, செவ்வாய்

வக்கீலைப் பார்த்தேன். மாடி கட்ட அனுமதி கேட்டு எத்தனை தடவை விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டார். மூன்று தடவை. மூன்றுமே திரும்பி வந்தன. இந்த மலைச்சரிவு எதுவும் கட்டக் கூடாத பசுமைப் பகுதியாம். எதிர் மலையில் எட்டு மாடிக் குடியிருப்பு வரிசையாக நிற்கிறது, அது என்ன நிறமோ.

அந்த எட்டு மாடிக்கும் கம்பி கட்டியவர் என் அப்பா. பதினோரு வருடமாக அங்கேதான் வேலை. காலை ஐந்தரைக்கு வேனில் ஏறிப் போய் அவர்களுக்கு வீடு எழுப்பிவிட்டு, மாலையில் இந்த வீட்டுக்கு வந்து படுக்கிறார்.

வக்கீல் சொன்னதைச் சொன்னேன். பணம் கட்டி வழக்குப் போட்டால் இரண்டு மாதம் தள்ளலாம், அதற்கு மேல் இல்லை.

அப்பா ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தொட்டுக்கொண்டே, "நாமளே இடிச்சுடலாம்" என்றார்.

"அவங்களே வந்து இடிக்கட்டும். ஊரே பார்க்கட்டும்."

"புல்டோசர் வந்தா மேல் மாடியோட நிறுத்தாது. கீழ் வீடும் விரிசல் விடும். கொஞ்சம் பொறு, யோசி."

பொறு. இந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும் போல இருக்கிறது.

மார்ச் 8, புதன்

அலுவலகத்தில் ஒருவனுடைய வில்லாவுக்குக் கம்பி வரைபடம் போட்டேன். கை தானாக வேலை செய்கிறது. மதியம் சாப்பிட்டேனா இல்லையா, நினைவில்லை.

எங்கள் தெருவில் எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் தூண் கம்பிகள் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மகன் பிறந்தாலே அப்பன் அந்தக் கம்பியை விட்டு வைப்பான். மகனுக்குக் கல்யாணம் பேசினால் அதன்மேல் ஒரு மாடி. பெண் கேட்டுப் போன இடத்தில் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். மைசூனின் அம்மாவும் விசாரித்தாள். "தூண் எழுப்பியாச்சு" என்று அப்பா அங்கேயே பொய் சொன்னார். மறுநாள் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று மைசூன் சொல்லிச் சிரிப்பாள்.

வரைபடம் நான் போட்டேன். கல்லூரியில் படித்து முடித்து முதலில் போட்ட சொந்த வரைபடம். ஒன்பது தூண். தூணுக்கு ஆறு கம்பி, பதினாலு எம்எம் கனம்.

மார்ச் 10, வெள்ளி

தொழுகை முடிந்து அபூ நிஹாத் வந்தார். பக்கத்து வீடு. அவர் இரண்டு தடவை தன் வீட்டைத் தானே இடித்தவர்.

"அபூ ரஜாய், எங்கிட்ட கேக்காம ஆரம்பிச்சுடாதே. இந்த வேலையில எனக்கு அனுபவம் இருக்கு" என்றார் அப்பாவிடம். ஊரில் என் பெயரைச் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவார்கள், ரஜாயின் அப்பா என்று. என்னைப் பார்த்து, "டேய் இன்ஜினியர், கட்டறதுக்கு வரைபடம் போட்டியே, இடிக்கறதுக்கும் ஒண்ணு போடு. என் மாடிய நான் கண்ணை மூடிக்கிட்டு இடிச்சேன், பாத்ரூம் சுவர் என் கால் மேலயே விழுந்துச்சு."

அப்பா சிரித்தார். எனக்கு இரண்டு பேரையும் படியில் உருட்டிவிடலாம் போல இருந்தது.

கான்கிரீட் உடைக்கிற பிரேக்கர் மெஷினுக்கு வரிசை இருக்கிறதாம். இந்தப் பக்கம் முழுக்க ஒரே மெஷின்தான் சுற்றுகிறது. "கீழத் தெருவுல ஒரு குளியலறை. அப்புறம் கல்யாணத்துக்குக் கட்டின ரெண்டு ரூம், பாவம், இன்னும் பெயின்ட் வாசனைகூடப் போகல. அதுக்கப்புறம் நீங்க. பதினேழாம் தேதி வரும். நோன்புக்கு முன்னாடி முடிச்சுடலாம்."

முடி வெட்டிக்கொள்ள முறை சொல்வது போல.

மார்ச் 12, ஞாயிறு

சாமான்களைக் கீழே இறக்கினேன். கட்டில், பீரோ, அவள் ஏலக்காய் போட்டு வைத்த டப்பா. அவள் துணிகளை நான் தொடவில்லை. அப்பாதான் மடித்தார் போல. மாலை வந்தபோது பெட்டியில் இருந்தன, ஓரம் பிசகாமல்.

மார்ச் 14, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டேன்.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் தெற்கு ஜன்னலைக் கழற்ற ஆரம்பித்தார். மைசூன் கேட்டு வாங்கிய ஜன்னல் அது. அதில் நின்றால் அவள் அம்மாவின் ஊர் தெரியும். நாலு கிலோமீட்டர். சோதனைச்சாவடிக்குப் பயந்து வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போக முடியாது. போனால் திரும்பி வர விடமாட்டார்கள். போனில் பேசிக்கொண்டே அந்த ஜன்னலில் நிற்பாள்.

அப்பா சட்டத்தை ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, கண்ணாடியைப் போர்வையில் சுற்றினார். நல்ல அலுமினியம், வீணாகக் கூடாதாம்.

"எதுக்கு இவ்ளோ பத்திரம்? இடிச்சுக் குடுத்ததுக்கு அவங்களுக்கு ஒரு நன்றிக் கடிதமும் எழுதிடுங்களேன்."

"பேசாம அந்தப் பக்கம் பிடி."

"பிடிக்க மாட்டேன். பொறு பொறுன்னு சொல்லியே அவளைக் கொன்னீங்க."

ஜன்னலை மெல்லத் தரையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். தெரியுமாம்! ஏழு மாசமா தெரிஞ்சுக்கிட்டே எனக்குக் காபி போட்டுக் குடுத்திருக்கார்.

அவளுக்கு மூணு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரி காரில் பதினைந்து நிமிஷம். பெரிய ரோட்டில் போலீஸ் ஜீப் நின்று ஒவ்வொரு வண்டியிலும் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தது. அனுமதி இல்லாமல் பிடிபட்டால் அவளைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுவிடுவார்கள், மனுவும் செத்துவிடும். "நாளைக்கு ஜீப் போயிடும், பொறு" என்றார் அப்பா. மறுநாளும் பொறு என்றார். நானும் பொறுத்தேன். நானும்தான். மூன்றாம் நாள் கொண்டு போனபோது ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. முந்தாநாள் வந்திருந்தால் என்றார் டாக்டர்.

உடம்பை அவள் ஊருக்குக் கொண்டு போனபோது சோதனைச்சாவடியில் யாரும் அனுமதி கேட்கவில்லை. சிப்பாய் கையை ஆட்டிப் போகச் சொன்னான்.

எங்கள் பக்கம் மகன் அப்பாவை யாபா என்பான். அப்பாவும் மகனை யாபா என்றுதான் கூப்பிடுவார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு நான் அப்படிக் கூப்பிடவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று இன்றுதான் யோசிக்கிறேன்.

மார்ச் 15, புதன்

பேசவில்லை. அவரும்.

மார்ச் 17, வெள்ளி

மெஷின் வந்தது. தெருவே வந்தது.

மேல் மாடிக்குக் கான்கிரீட் சிலாப் போட்ட அன்றும் இதே ஆட்கள்தான். படியில் வரிசையாக நின்று கான்கிரீட் வாளியைக் கீழிருந்து மேலே கைமாற்றினார்கள். இன்று அதே படியில் நின்று இடிபாட்டை மேலிருந்து கீழே கைமாற்றினார்கள். அபூ நிஹாத் அன்று நின்ற அதே திருப்பத்தில் நின்றார், அன்று போலவே ஒரே கட்டளை. "வாளிய ரொப்பாதீங்கடா, இது உங்க மாமனார் வீட்டு சோறு இல்ல!"

நான் மெஷினைப் பிடித்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. சிலாப் உடையும்போது பற்கள் வரை அதிர்கிறது. அது நன்றாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் ஏதோ உறைத்தது.

மதியம் அபூ நிஹாத் வீட்டிலிருந்து பெரிய தட்டில் சோறும் கோழியும் வந்தது. எல்லோரும் தூசியோடு சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு அபூ நிஹாத், சிலாப் நாளில் சொல்கிற பழக்கத்தில், "மப்ரூக், அபூ ரஜாய்!" என்று வாழ்த்திவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

அப்பா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அடுத்த தடவை சொல்றதுக்கு ஒண்ணு மிச்சம் வைப்பா" என்றார். வயிறு குலுங்க ஒருவன் சிரிக்க ஆரம்பித்து எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அடுத்த தடவையாம்.

மார்ச் 18, சனி

சுவர்கள் முடிந்தன. தெற்குச் சுவர் கடைசியில்.

மார்ச் 19, ஞாயிறு

தூண்களை ஆரம்பித்தேன். அப்பா லீவு போட்டிருந்தார்.

முதல் தூண் உடையவே இல்லை. மெஷின் முனை வழுக்கிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் போராடி உறையைப் பெயர்த்தால் உள்ளே கம்பி. எண்ணினேன். பத்து. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். பத்து. பதினாறு எம்எம். நான் வரைந்தது ஆறு, பதினாலு.

இரண்டாவது தூண். பத்து. மூன்றாவது. பத்து.

அதைவிட இன்னொன்று. ஒரு கம்பிகூட முழு நீளம் இல்லை. எல்லாம் துண்டுகள். அரை மீட்டர், முக்கால் மீட்டர். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, கட்டுக்கம்பியால் நெருக்கி நெருக்கிக் கட்டியவை. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, முனை உள்ளே மடக்கியது. அப்பா கை. அவர் கட்டியதை நான் அன்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

பெரிய கட்டடங்களில் வெட்டி எறிகிற துண்டுகள். எதிர் மலையில் குப்பையோடு போகிறவை. ஒரு தூணுக்கு இத்தனை என்றால் ஒன்பது தூணுக்கு, கீழிருந்து மேலே வரைக்கும்... எத்தனை மாலை, சாப்பாட்டுப் பையில் எத்தனை துண்டு.

மெஷினை நிறுத்தினேன். ஐந்து நாளில் முதல் பேச்சு.

"நான் ஆறு போட்டேன். இது மூணு மாடி தாங்கற கம்பி. எதுக்கு?"

இடிபாட்டை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உன் மகனுக்கு மாடி எங்க வைப்ப? உன் தலை மேலயா?"

சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் உட்கார்ந்த சத்தம் கேட்டது. நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

மார்ச் 20, திங்கள்

அறுக்கும் மெஷினை எடுத்துக் கம்பியில் வைத்தேன். அப்பா கையைப் பிடித்தார்.

"கான்கிரீட்டை உடை. கம்பியை விடு."

"பேப்பர்ல எல்லாம்னு போட்டிருக்கு."

"விடு."

எதற்கும் வரிசையில் நிற்கிற மனுஷன். கேட்ட பேப்பரை எல்லாம் கொடுத்தவர். சோதனைச்சாவடியில் சொல்வதற்கு முன்பே பெல்ட்டைக் கழற்றுகிறவர். பார்க்க வருகிற நகராட்சி அதிகாரி ஒத்துக்கொள்ளாவிட்டால், கெடு முடிகிற வெள்ளிக்குப் பிறகு புல்டோசர் வரும், கீழ் வீடும் போகும். அது அவருக்குத் தெரியும்.

கான்கிரீட்டை மட்டும் உடைத்தேன். ஒவ்வொரு தூணிலும் ஒரு மீட்டர் கம்பி நிற்கிறது.

மார்ச் 22, புதன்

அதிகாரி வந்தான். என் வயதுதான் இருக்கும். கூட துப்பாக்கியோடு இரண்டு பேர். மொட்டைமாடியை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். பிறகு கம்பிகளைக் காட்டி ஹீப்ருவில் கேட்டான்.

என் வாய் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அப்பா முன்னால் போய் நின்றார்.

"அது கீழ் வீட்டுத் தூண். கீழ் வீட்டுக்குப் பத்திரம் இருக்கு, எங்க அப்பா காலத்துது. கொண்டு வரட்டுமா?"

பச்சைப் பொய். கீழ் வீடு கல் சுவரில் நிற்கிறது. தூண் எல்லாம் வெளியே, மேல் மாடிக்காக எழுப்பியவை. இரண்டு மாதம் வேலை பார்த்த எந்த மேஸ்திரிக்கும் தெரியும்.

அவன் கம்பியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அப்பா கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் பின்பக்கம் சட்டை ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

மணி பார்த்தான். ஏதோ எழுதினான். "முடிந்தது" என்று சொல்லி இறங்கிப் போனார்கள்.

அபூ நிஹாத் தன் மாடியிலிருந்து, "ரெண்டு தடவை இடிச்சேன், எனக்கு இது தோணலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மார்ச் 24, வெள்ளி

நோன்பு இரண்டாம் நாள். நாக்கு வறண்டு கிடக்கிறது.

கோபம் போகவில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு போய்விட்டது என்று நானே எனக்குக் கதை விடக் கூடாது. ஜீப் மேல், அந்தப் பேப்பர் மேல், பொறு என்ற சொல் மேல், என் மேல்.

பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு மேலே போனேன். அப்பா வாளியில் சிமென்ட் பால் கரைத்து வைத்து, பழைய பிரஷால் கம்பிகளுக்குப் பூசிக்கொண்டிருந்தார். துரு பிடிக்காமல் இருக்க. நோன்பு வயிற்றோடு, இந்த வெயிலில். மூன்று தூண் முடித்திருந்தார். தெற்கே மைசூனின் ஊர் பளிச்சென்று தெரிந்தது, இப்போது மறைக்கச் சுவர் இல்லை.

இன்னொரு பிரஷ் எடுத்துக்கொண்டு அந்தப் பக்க மூலையில் ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு தடவை பூசினா போதுமா?" என்றார். நாற்பது வருடம் கம்பி கட்டினவர், என்னைக் கேட்கிறார்.

"ரெண்டு தடவை, யாபா. நாள் ஆகலாம்."

அவர் பிரஷ் சத்தம் கொஞ்சம் நின்று, மறுபடி கேட்டது.

நோன்பு திறந்த பிறகு பழைய வரைபடத்தை எடுத்தேன். தூண் விவரத்தில் ஆறு, பதினாலு என்று இருந்ததை அடித்துவிட்டு, கட்டியிருப்பது போலவே பத்து, பதினாறு என்று திருத்தினேன். மாடிகள் என்ற கட்டத்தில் மூன்று. கீழே, வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டு அப்பா பெயரை எழுதினேன்.