குடிக்கவில்லை, இழுத்தார்

என் பிரியமான அப்பாவுக்கு,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கம்பத்தில் ஒரு பள்ளியில், வேதியியல் ஆய்வக உதவியாளர். தற்காலிகம்தான். கரைசல் கலக்குவதும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும்தான் வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

இங்கே பிப்பெட் என்றொரு குழாய் உண்டு. அதில் போட்டிருக்கும் கோடு வரை கரைசலை மேலே இழுத்து அளக்க வேண்டும். பல்ப் என்னும் ரப்பர்க் குமிழை மேல்முனையில் பொருத்தி இழுத்தால் மெல்ல ஏறும். கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நேரமாகிறது என்று பிள்ளைகள் வாயை வைத்து உறிஞ்சுகிறார்கள்.

நேற்று நம் தெரு செல்வி அப்படி வாயில் வைத்தாள். கண்ணாடி முகவையில் இருந்தது ஆக்ஸாலிக் அமிலம். வேண்டாம் என்றேன்.

"எங்கப்பா டிராக்டர்ல டீசலே இழுப்பாக. இதென்னக்கா, தண்ணி மாதிரி கெடக்கு."

வேதியியல் சாரும் சிரித்தார். "பல்பை வச்சு நீங்க அளக்குறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிரும்மா."

பிப்பெட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். "எங்கப்பா இப்படி இழுத்துத்தான் செத்துப்போனாக" என்றேன்.

செல்வி மெதுவாகக் கேட்டாள்: "அவுக மருந்து குடிச்சுட்டாகன்னுல்ல எங்க வீட்ல சொன்னாக?"

தெரு முழுக்க அப்படித்தான் சொல்கிறது, அப்பா. திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து கேனில் குழாயைச் செருகி, வாயால் இழுத்து ஸ்பிரேயருக்குத் திருப்புவீர்கள். வாய்க்குள் வந்ததைத் துப்பிவிடுவீர்கள். அன்று தொண்டைக்குள் இறங்கிவிட்டது. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, வீட்டில் என்ன சண்டையோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதன்பிறகு அம்மா எந்த விசேஷ வீட்டுக்கும் போவதில்லை. வாயில் நுரையோடு வந்தவர் குடித்தாரா, இழுத்தாரா என்று யார் பார்த்தார்கள்?

"குடிக்கல. இழுத்தாக" என்றேன். சார், "எல்லாருக்கும் பல்பை எடுத்துக் குடும்மா" என்றார்.

செல்வி நம்பினாளா, தெரியவில்லை. மாலை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அம்மாவிடம் சொன்னேன். "இனிச் சொல்லி என்ன ஆத்தா, போனவுக வரவா போறாக?" என்றார். பிறகு அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னே நின்றிருந்தார்.

புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் பல்பைக் கையில் கொடுக்கும்போது உங்களைப் பற்றிச் சொல்வேன், அப்பா. அவர்கள் அதைத் தங்கள் வீடுகளில் போய்ச் சொல்வார்களா? சொல்லாவிட்டாலும் நான் நிறுத்தமாட்டேன்.

தெரு சொன்னதை ஒருநாளும் நம்பாத,
உங்கள் மகள்.