முதலில் யார் கிளம்புவது?

பிப்ரவரி 11

மத்தியானம் சங்கு ஊதியது. பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சுழற்காற்று எச்சரிக்கை! எங்கள் சிடார் பெண்ட் குடியிருப்பில் இருப்பதெல்லாம் அஸ்திவாரமில்லாத ட்ரெய்லர் வீடு. பெரிய காற்று அடித்தால் காலி சோடா டப்பா மாதிரி உருளும். கொஞ்ச தூரம் காரில் போனால் தேவாலயத்தின் நிலவறை இருக்கிறது. கல் கட்டடம், கதவும் திறந்தே கிடக்கும். யாராவது போனோமா? ஒரு ஆள் போகவில்லை. வழக்கம்போல அவரவர் வாசல்படியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தோம், மேலே இருந்து யாரோ சம்பளம் போடப் போகிற மாதிரி. இந்த அலபாமாக் காட்டில் சுற்றிலும் பைன் மரம். காற்று வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது தெரிந்தும் பார்த்தோம்.

இரண்டு வீடு தள்ளி ஹோசியா, என் பழைய புருஷன். விவாகரத்து ஆகி எத்தனையோ வருடமாச்சு, ஆனால் மனுசனுக்கு இந்தப் பூமியில் குடியிருக்க வேறு இடம் கிடைக்கவில்லை. படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தினான்: "என்ன டோரெத்தா, ஓடலயா?"

"உன்னக் காத்து தூக்கிட்டுப் போறத நேர்ல பாக்கணும்னு நிக்கிறேன்யா!"

காற்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. யாருடைய கோழிப்பண்ணையோ கூரையை இழந்ததாம்.

பிப்ரவரி 19

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நோலன், வானிலை அலுவலகத்தில் ரேடார் பார்க்கிறவன். கொக்கு மாதிரி உயரம், வெயிலே படாத முகம். இன்னொருத்தி ஆட்ரா, பல்கலைக்கழகத்திலிருந்து. அவள் மேகத்தைப் பார்ப்பதில்லையாம், மேகத்துக்குக் கீழே இருக்கிற மனுசர்களைத்தான் பார்க்கிறாளாம். இதற்கெல்லாமா படிப்பு இருக்கிறது!

நோலனுக்குப் பெரிய மனத்தாங்கல். "அன்னைக்கு நெறைய நேரம் முன்னாடியே சொன்னோம், மிஸ் டோரெத்தா. சரியாவும் சொன்னோம். ஏன் ஒருத்தர்கூடப் போகல?" நூற்றுக்கு நூறு வாங்கி வந்து, அம்மா ஏறெடுத்தும் பார்க்காத பிள்ளை மாதிரி முகம். பாவமாக இருந்தது. சோளரொட்டி கொடுத்தேன்.

பிப்ரவரி 20

ஆட்ரா வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். ஹோசியா வீட்டில் மட்டும் ஒன்றரை மணி நேரம்! அவனிடம் அவ்வளவு பேச்சு இருந்திருந்தால் எனக்கு எதற்கு விவாகரத்து?

பிப்ரவரி 27

இன்று என் முறை. "சங்கு ஊதினதும் என்ன பண்ணீங்க? அப்புறம்? அதுக்கப்புறம்?" என்று துணி பிழிகிற மாதிரி கேட்கிறாள். சொன்னேன். பக்கத்து வீட்டு வில்மா போன் பண்ணி "நீ கெளம்புறியா?" என்றாள். வைத்தவுடன் அடுத்த ஆள், அதே கேள்வி. அன்றைக்கு என் காது சூடாகிப்போனது.

"நீங்க யாரக் கேட்டீங்க, மிஸ் டோரெத்தா?"

"நான் யாரையும் கேக்க மாட்டேன் கண்ணு. நான் டோரெத்தா."

"அப்ப எதப் பாத்து முடிவு பண்ணீங்க?"

துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். கடைசியில் சொல்லித்தான் தொலைத்தேன்: ஹோசியாவின் சமையலறை விளக்கு. அது எரிந்தால் அவன் இருக்கிறான். அவன் இருந்தால் நானும் இருப்பேன். அவனுக்கு முட்டி சரியில்லை. ஏதாவது மேலே விழுந்தால் தூக்க ஒரு ஆள் வேண்டாமா? மற்றபடி ஒன்றுமில்லை.

ஆட்ரா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அடித்திருப்பேன்.

மார்ச் 8

ஐயோ, இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்!

துணி துவைக்கிற கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, சுவரில் பெரிய காகிதம் ஒட்டினாள் ஆட்ரா. வீட்டுக்கு ஒரு வட்டம். ஆபத்து நேரத்தில் நீ யாரைப் பார்த்து முடிவு எடுக்கிறாயோ அவர் வட்டத்துக்கு ஒரு அம்பு. பேர் போடலாமா என்று முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தாள். நான்தான் பெருமையாக "போடு, போடு" என்றேன். அம்பெல்லாம் சர்க்கரைக்கு வரும் எறும்பு மாதிரி என் வட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று ராணி மாதிரி குனிந்து வணக்கம் வைத்தேன்.

பிறகு என் வட்டத்திலிருந்து ஒரு அம்பு கிளம்பியது. ஹோசியாவுக்கு. "ஓஹோ!" என்று கூடமே ஊளையிட்டது.

பிறகு ஹோசியாவின் அம்பு. அது நேரே திரும்பி என்னிடமே வந்தது.

வில்மா சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்தது. நான் அவன் பக்கம் திரும்பினேன். "என்னய்யா இது?"

"உன் காரத்தான் பாத்தேன். காரு நிக்குதுன்னா பெரிசா ஒண்ணும் வராது. உனக்குத்தான் உசிரு மேல அவ்வளவு ஆசையாச்சே."

ஆக, நான் நிற்கிறேன் என்று அவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று நான் நிற்கிறேன். நான் நிற்கிறேன் என்று மொத்தக் குடியிருப்பும் நிற்கிறது!

நோலன் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் இன்னும் ரெண்டு மணி நேரம் முன்னாடி சொன்னாலும்..."

"அந்த ரெண்டு மணி நேரமும் நின்னு பாப்பாங்க" என்றாள் ஆட்ரா.

மார்ச் 9

நேத்து சிரிச்சிட்டு வந்துட்டேன். இன்னிக்குச் சிரிப்பு வரல. வில்மா பேத்திக்கு இன்னும் தலைகூட நிக்கல. நான் ஒருத்தன் வீட்டு வெளக்கப் பாத்துக்கிட்டு நிக்க, அந்தப் பச்சப்புள்ள என்னால... என்ன யாரு ராணியாக்குனா? நான் கேட்டேனா? சரி, நாளைக்கே ஒரு காத்து வந்தா நான் என்ன பண்ணுவேன்? அந்த ஆள விட்டுட்டுப் போயிடுவேனா?

தெரியல.

மார்ச் 14

நோலனும் ஆட்ராவும் மறுபடி வந்தார்கள். நோலன் விளக்கினான்: அவர்கள் அறிவிப்பு இரண்டு வகை. சில மணி நேரம் முன்னால் வருவது 'வரலாம்'. சங்கோடு வருவது 'வந்துவிட்டது'. கல் வீட்டுக்காரர்களுக்கு இரண்டாவது போதும், குளியலறைக்குள் புகுந்துகொள்வார்கள். எங்களுக்கு முதலாவதிலேயே கிளம்பினால்தான் உண்டு. ஆகையால் அதிலேயே எங்களுக்கென்று ஒரு வரி சேர்க்க அலுவலகத்தில் சம்மதம் வாங்கிவிட்டான். எழுதி வந்ததை வாசித்தான்: "பலவீனமான கட்டமைப்புகளில் வசிப்போர் உறுதியான புகலிடத்துக்கு நகர்வதைப் பரிசீலிக்கவும்."

"யாரு தம்பி பலவீனமான கட்டமைப்பு? என்னையா சொல்ற?"

காது மடல் சிவந்துவிட்டது பையனுக்கு. உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினோம். கடைசியில் நின்றது இது: "ட்ரெய்லர் வீட்டில் இருப்பவர்கள் இப்போதே கிளம்புங்கள். சங்குக்குக் காத்திருக்க வேண்டாம்." மற்ற குடியிருப்புகளிலும் கேட்டுப் பார்த்துத்தான் வைப்பேன் என்கிறாள் ஆட்ரா. கெட்டிக்காரி, என்னையும் நம்பவில்லை!

என் வேலை ஒன்றுதான். அந்த வரி வந்ததும் ஹாரன் அடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்ப வேண்டும்.

மார்ச் 29

வந்தது அந்த வரி! என் கார் பாட்டரி இன்றைக்கென்று பார்த்து உயிரை விட்டது. வில்மாவின் வேனில் ஏறி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நானே ஹாரன் மாதிரி கத்தினேன். வந்தார்கள், அத்தனை பேரும் வந்தார்கள்! நிலவறையில் பீன்ஸ், வாழைப்பழப் புட்டிங், சீட்டாட்டம். வில்மா சீட்டில் ஏமாற்றுகிறாள். சாமி கட்டடத்திலேயே!

காற்று வரவில்லை. ஹோசியாவும் வரவில்லை.

மார்ச் 30

நோலன் போன். "ஒண்ணும் வரல, மிஸ் டோரெத்தா. வீணா அலைய வெச்சிட்டேன், மன்னிச்சிருங்க." வராததற்கு மன்னிப்பு கேட்கிற முதல் ஆம்பளையை இன்றுதான் பார்க்கிறேன். "அடுத்த தடவ எப்ப தம்பி? வில்மாவத் தோக்கடிக்கணும்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு திரும்பி வந்தது கேட்டது.

ஏப்ரல் 9

ஹோசியாவிடம் நேராகவே கேட்டேன். "அன்னைக்கு ஏன்யா வரல?"

"உன் காரு நின்னுச்சே. நீ வீட்லதான் இருக்கன்னு இருந்துட்டேன்."

"நான் கத்துன கத்து கேக்கலயா?"

"நீ கத்தாத நாளு எது?"

இதை ஆட்ராவிடம் போனில் சொன்னதும் அவள் துள்ளியது இங்கே தெரிந்தது. "காரு அங்கயேதான் நின்னுச்சா! அப்ப காரு இல்லாட்டி அவரு என்ன செய்வாருன்னு நமக்கு இன்னும் தெரியாது!"

"உனக்கு இது ஆராய்ச்சி கண்ணு. எனக்கு அது ஹோசியா."

அவள் மெதுவாக, "தெரியும், மிஸ் டோரெத்தா. அவரு வருவாருன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். பொய் சொல்லாத பெண்.

ஏப்ரல் 18

மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணல். இருக்கட்டும்.

சாயங்காலம் அந்த வரி வந்தது. நோலனும் தனியாகப் போனில் கூப்பிட்டான், குரலே வேறு. "இன்னைக்கு நெசம்னு நெனைக்கிறேன்." காரை எடுத்தேன். படிக்குப் படி ஆட்கள், எல்லார் கண்ணும் என் மேல். வில்மா மடியில் பேத்தி. ஹோசியாவின் விளக்கு எரிகிறது. நிறுத்தி இறங்கி ஒரு வார்த்தை சொல்லலாமே என்று கால் பிரேக்குக்குப் போனது. நிறுத்தினால் எனக்குப் பின்னால் எல்லோரும் நிறுத்துவார்கள். "கர்த்தாவே, அந்தக் கழுதய நீயே பாத்துக்கோ" என்று சொல்லி, ஹாரனை அழுத்திப் பிடித்து, அவன் வீட்டைத் திரும்பியே பார்க்காமல் ஓட்டினேன். என் ஆயுசிலேயே அவ்வளவு நீளமான தெரு வேறு கிடையாது.

நிலவறையில் சீட்டு கையில் இருந்தது, என்ன சீட்டு என்று தெரியாது. வில்மா ஏமாற்றவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. அப்போது கதவு படாரென்று திறந்தது. முழுக்க நனைந்து, காலை இழுத்துக்கொண்டு ஹோசியா.

"எங்கடி போய்த் தொலஞ்ச? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா? காரு நிக்கிற எடம் காலியா கெடக்கு, அதப் பாத்துக்கிட்டு ஒரு மனுசன் எப்படி உக்காந்திருக்குறது!"

நிலவறையே இடிந்துவிழுகிற மாதிரி ஆரவாரம். நான் சொன்னது இவ்வளவுதான்: "உக்காருய்யா. புட்டிங் தீந்துபோச்சு."

அதற்குப் பிறகுதான் சங்கே ஊதியது. அதற்குப் பிறகு அந்த இரைச்சல். ஹோசியா என் கையைப் பிடித்திருந்தான், அல்லது நான் அவன் கையை.

ஏப்ரல் 19

எங்கள் வரிசையின் அந்தக் கோடியைக் காணோம். ஹோசியாவின் வீடு ஓடைக்குள் தலைகுப்புறக் கிடக்கிறது. என்னுடையதில் கூரை ஓரம் மட்டும் கிழிந்திருக்கிறது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கும்!

நோலன் சேற்றில் நின்றான். அளக்க வந்த கருவியைக் காரிலேயே வைத்துவிட்டு, ஆட்ராவோடு சேர்ந்து ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டான்: "எப்பக் கெளம்புனீங்க? யாரப் பாத்து? அப்புறம்?" நன்றாகவே துணி பிழியக் கற்றுக்கொண்டான்.

ஏப்ரல் 20

ஹோசியா என் சோபாவில். புது வீடு கிடைக்கும்வரை மட்டும். மட்டும்.

ஏப்ரல் 27

குறட்டை.

மே 6

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மீனை மோரில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் மீன், அதனால் ஹோசியா எடுத்தான். நோலன். "ம்... ம்... சரி தம்பி, சொல்லிடறேன்" என்று வைத்தான். சொன்னானா? இல்லை. கொக்கியிலிருந்து என் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஹாரனை அழுத்தினான். நீளமாக, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. வில்மா வீட்டுக் கதவு திறந்தது.

"யோவ், இன்னும் மீனு பொரிக்கல!"

"அப்படியே தூக்கிட்டு வாடி, தேவாலயத்துல அடுப்பு இல்லயா என்ன?"

வானம் சுத்த நீலம். இதை எழுதுவது காரில், மடியில் மீன் சட்டி. ஓட்டுகிறவன் ஒவ்வொரு பள்ளத்திலும் சரியாக இறக்குகிறான்.