பட்டியலில் விட்டுப்போன கட்டம்

கார்த்திகை 5, வெள்ளி.

புயல் வந்தால், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் "நலம்" என்று போட வேண்டும். நான் எழுதிய விதிதான். இன்று சிதம்பரம் ஆபீஸில் அதற்கு ஒத்திகை. கடலூர்ப் பக்கம் கடலோரக் கிராமத்திலிருந்து வேலை பார்க்கும் செல்வி மட்டும் பதில் போடவில்லை. சாயங்காலம் போனில் கடிந்துகொண்டேன்.

"புயல்னா போனை ஆஃப் பண்ணி, ரேஷன் கார்டோட கவர்ல சுத்திகிட்டு ஸ்கூலுக்குப் போயிடுவோம் சார். டவரே இருக்காது. ஒத்திகைன்னீங்க, அப்படியே செஞ்சேன்."

"அப்ப எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ரெண்டு நாள் பாருங்க. கூப்பிடலன்னா வந்து தேடுங்க."

ஊழியர் பட்டியலைத் திறந்தேன். எல்லோர் போன் நம்பரும் இருக்கிறது. முகவரிக்குக் கட்டமே போடவில்லை. நாலு வருடமாகத் தினமும் பேசுகிறோம். எந்தத் தெரு என்று கேட்டு இப்போதுதான் மெசேஜ் அனுப்பினேன்.

சாயங்காலம் பிடித்த மழை வலுத்துவிட்டது. இன்னும் ஒற்றை டிக்தான்.