‘வேண்’ என்று நின்ற வாக்கியம்

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் கீபோர்டு நடுவில் நின்றுவிட்டது. இந்த வாரத்தில் நான்காவது முறை. கம்ப்யூட்டரின் முன்பக்க யு.எஸ்.பி. துளைகள் இரண்டும் போன மாதமே போயின. பின்னால் இருப்பதில் ஒன்றுதான் பாக்கி. அதுவும் திடீரென்று சாகும், சற்றுக் கழித்து உயிர் வரும். புதுக் கீபோர்டு வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதே கதை.

வேறு வீட்டில் இது ஓர் எரிச்சல். இங்கே இது என் கணவருடைய வாய். பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். வலது கை போயிற்று. பேச்சு குழறிக் குழறி முனகலாகிவிட்டது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. டல்ஹௌசி ஆபீஸ் வட்டாரத்தில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டெனோவாக இருந்தவர்; எந்த எழுத்து எங்கே என்று இடது கை விரல்களுக்கு இன்னும் தெரியும். செல்போனில் முடியாது. விரல் நடுங்கி வேறெங்கோ படும், அதற்குள் போன் தானாகவே வார்த்தையை முடித்துவிடும். “உன்னை மாதிரியே” என்று ஒருநாள் டைப் செய்து காட்டினார். சிரித்தேன்.

ஏப்ரல் 9

மதுவந்தி பெங்களூரிலிருந்து பேசினாள். 27ஆம் தேதி வருகிறாளாம். இந்த வீட்டைக் காலி செய்து இருவரையும் தன்னோடு கூட்டிப் போக வேண்டுமாம். “அப்பாகிட்ட கேட்டாச்சும்மா. தலையாட்டினாரே.”

தலையாட்டினால் பதிலா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் எல்லாவற்றுக்கும் ஆட்டுகிறார். என் அறிவியல் வகுப்பில் “புரிஞ்சுதா?” என்றால் நாற்பது தலையும் ஆடும். பரீட்சையில்தான் வண்டவாளம் தெரியும்.

அதனால் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்துக் கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

“மது வீட்டில் போய் இருக்க எனக்கு வேண்”

கீபோர்டின் பச்சை விளக்கு அணைந்தது.

டுமா, டாமா?

“வேண்டாம்தானே?” என்றேன். தலையாட்டினார். “வேண்டுமா?” என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆட்டியிருப்பார். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 10

மதுவிடம் சொல்லிவிட்டேன்: அப்பாவுக்கு வேண்டாமாம். பொய் இல்லை. நாற்பத்தொரு வருஷம் இதே லேக் கார்டன்ஸில் இருந்த மனுஷர் வேறென்ன சொல்வார்?

“டைப் பண்ணிக் காட்டச் சொல்லும்மா” என்றாள்.

ஏப்ரல் 12

அந்தத் துளை இப்போது கீபோர்டைச் சேர்க்கவே இல்லை. மௌஸ் மட்டும் விட்டு விட்டு ஓடுகிறது. திரையிலேயே எழுத்துப் பலகையை வரவழைத்து மௌஸை அவர் கையில் கொடுத்தேன். அம்பு நடுங்கி நடுங்கி ஓடியது, தள்ளிவிட்டார். அட்டையில் எழுத்துகளை எழுதி நீட்டினேன், அ முதல் ன வரை கலர் பேனாவில். தட்டிவிட்டார். எல்லாம் தரையில். அவர் ஒன்றும் என் ஆறாம் வகுப்பு இல்லையே. பொறுக்கும்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

கீழ் வீட்டு ஜெயந்த் வந்து பார்த்தான். ஏதோ பேங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் என்ற புரோகிராம் பழசாம். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் முன்பே வந்து ஒவ்வொரு அறையாகத் திறந்துவைக்கும் பியூன் மாதிரிதான் அது என்று புரிந்துகொண்டேன். நம் பியூனிடம் இருப்பது பழைய சாவிக்கொத்து. யு.எஸ்.பி. அறுந்துபோகும் கோளாறு புதுப் பதிப்பில் சரியாகிறது என்று கம்பெனியின் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. மௌஸ் ஒன்று போதும். அந்தப் பதிப்பை இறக்கி இயக்கினால் ஆயிற்று.

“ஆனா நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு காலி, மாமி. பூட் கூட ஆகாது” என்றான். தன் யு.பி.எஸ்.ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 15

பொய்லா பொய்ஷாக், வங்காளிப் புது வருஷம். எதிர் வீட்டிலிருந்து சந்தேஷ் இனிப்பு வந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாமா என்று கேட்டு நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

எல்லாம் போயிற்று.

நாலு மணிக்கு ஆரம்பித்தேன். நீலத் திரை, அணைக்காதே என்ற எச்சரிக்கை, ஒரு வெள்ளைக் கோடு. முப்பது சதவீதம் ஆனபோது வடமேற்கில் இருட்டிக்கொண்டு வந்தது. கால்பைசாகி, இந்த ஊர்க் கோடைப் புயல். கரண்ட் போனால் யு.பி.எஸ். இருக்கிறது என்ற தைரியத்தில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்க ஓடினேன். ஓர் இடி, ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. இறங்கி வந்தால் திரை கறுப்பு.

அவர் சக்கர நாற்காலியைச் சுவரோரம் உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஸ்விட்சை அணைத்துவிட்டு, யு.பி.எஸ்.ஸின் பொத்தானையும் அழுத்தி அணைத்துவிட்டு, இடது கையை இன்னும் சுவரில் ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இடி இடித்தால் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். போட்டது நான். மதுவுக்கு மூன்று வயதிலிருந்து சொல்லிச் சொல்லி... இன்று மட்டும் அணைக்காதீங்கோ என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டேனே. அவருக்குக் கேட்க வாய் ஏது? வாயைத்தான் நான் ரிப்பேர் பண்ணிண்டிருந்தேன்.

“ஏன்னா இப்படிப் பண்ணினேள்?” என்று கத்திவிட்டேன். சிரிப்பு அப்படியே நின்றது.

ஏப்ரல் 18

பொத்தானை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது. அவர் இன்று எதற்கும் தலையாட்டவில்லை.

ஏப்ரல் 22

ஜெயந்த் ஆபீசுக்கு லீவு போட்டு சாந்தினி மார்க்கெட்டுக்குக் கூட வந்தான். கடைக்காரர் போர்டில் எட்டுக் கால் சில்லு ஒன்றைக் கிளிப்பால் கவ்வி அதில் பயாஸைப் புதிதாக எழுதினார். முக்கால் மணி நேரம். திரை வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு யு.எஸ்.பி. துளைகளில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒன்றும் எழவில்லை. “சாஃப்ட்வேர் நா, மாஷிமா. லைன் புரே கேச்சே.” மென்பொருள் இல்லை, உள்ளே பாதையே கருகிவிட்டதாம். புதுச் சாவிக்கொத்து என்ன செய்யும், கதவே இல்லாதபோது? என் கணவருடைய மூளைப் படத்தைக் காட்டி டாக்டர் சொன்னதும் இதேதான்.

யு.எஸ்.பி. கெட்டது அவர் அணைத்ததால் இல்லை என்று தெரிந்தது. கத்தியது கத்தியதுதான்.

எடுத்து மூடும்போது கடைக்காரர் பின்பக்கம் ஓர் உருண்டைத் துளையைக் காட்டினார். யு.எஸ்.பி. வரும் முன் கீபோர்டு மாட்டியது அதில்தானாம். ஓட்டை உடைசல் குவியலிலிருந்து உருண்டை முனை வைத்த ஒரு பழைய கீபோர்டை உருவிச் செருகினார். மூன்று பச்சை விளக்குகளும் எரிந்தன.

ஏப்ரல் 23

அவர் முதலில் அடித்தது: “இடி இடித்தால் ஸ்விட்சை அணை. சொன்னது நீ.”

சிரித்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் நிறுத்தவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடராமல், கடிதத்தைத் திருத்தி அடிக்கும் ஸ்டெனோ மாதிரி முதலிலிருந்து முழுசாக அடித்தார்.

“மது வீட்டில் போய் இருக்க எனக்கு வேண்டும்.”

பிறகு: “இங்கே நீயே கேட்கிறாய். நீயே பதில் சொல்கிறாய். சந்தேஷ் எனக்கு வேண்டியிருந்தது.”

முப்பத்திரண்டு வருஷம் கோடிட்ட இடங்களை நிரப்பு என்று கரும்பலகையில் எழுதினேன். மாணவர்கள் எழுதும்வரை காத்திருந்தேன்.

ஏப்ரல் 24

மதுவிடம் உண்மையைச் சொன்னேன். “உனக்குத்தான் வேண்டாம்னு இருந்திருக்கும்மா” என்றாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மது வந்துவிட்டாள். பாத்திரங்களைப் பழைய ஸ்டேட்ஸ்மன் பேப்பரில் சுற்றுகிறாள். யு.பி.எஸ்.ஸைக் கீழே கொடுத்தாயிற்று.

காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு ஏதோ அடித்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

“மது வீட்டில் போய் இருக்க உனக்கு வேண்”

பச்சை விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. அவர் கையை எடுத்துவிட்டுக் கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

மத்தியானம் ஆயிற்று. இன்னும் நிரப்பவில்லை. அவரும் தலையாட்டாமல், முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறார். மற்றதெல்லாம் கட்டியாயிற்று, கீபோர்டைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று மதுவிடம் சொல்லியிருக்கிறேன்.