பேட்டரி கழட்டிய பம்பரம்

ஏங்க,

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து வெறும் வயித்தோட படுத்துராதீக. வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும் மூடி வச்சிட்டு நான் வேலைக்குக் கிளம்புறேன்.

நேத்து நீங்க வாங்கிட்டு வந்த பம்பரம் விளக்கு மின்னிப் பாட்டுப் பாடவும், நிலானி காதைப் பொத்திக்கிட்டு அழுதா. சத்தமே ஆகாத பிள்ளைக்கு இதையா வாங்குவாகன்னு நானும் கத்திட்டேன். நீங்க சாப்பிடாமலே வேலைக்குக் கிளம்பிட்டீக.

காலையில பேட்டரியைக் கழட்டிக் கொடுத்தேன். அம்புட்டுத்தான்! அமுக்கி அமுக்கிச் சுத்தவிட்டு, அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டா. சட்டைக் காலரைக் கடிக்கலை. மிக்ஸி ஓடுனப்பகூட வீறிடலை. பம்பரம் சரியாத்தான் வாங்கியிருக்கீக.

மதியம் உங்க அக்கா வருவாக. பம்பரத்தைப் பார்த்துட்டு "பாட்டு எங்கடா தம்பி?"ன்னு கேட்பாக. பேட்டரி டார்ச்சுக்குள்ள இருக்கு, எடுத்துக் கொடுத்துராதீக.

சத்தியா

பால் பிரிட்ஜில இருக்கு.

இன்னொண்ணு. பார்த்துப் படுங்க. தன் சாமானை யாரையும் தொட விடாதவ, ஸ்கூல் வேன் ஏறுறதுக்கு முன்னாடி உள்ளே ஓடிப்போய், பம்பரத்தை உங்க தலையணை மேல வச்சுட்டு வந்தா. நான் வைக்கச் சொல்லலை.