புதுசாகவே இருக்கட்டும் என்று வைத்த பம்ப்

மார்ச் 3, செவ்வாய்

இதனால் ஈரேழு பதினான்கு உலகங்களுக்கும் அவற்றின் சாக்கடைகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இனி நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. இது சத்தியம். எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை. மீதியை வாசிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும். வாசிக்கப்போகிறவனும் நான்தான்.

இன்று காலை பம்ப் செத்தது. சாகும்போது அது போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் மூன்று பேருக்குக் காது போய்விட்டதாகக் கேள்வி.

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காக இந்த வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயர்ந்தது. வீடு உயரவில்லை. ஆகையால் வீட்டின் கீழ்த்தளம் ரோட்டுக்குக் கீழே போயிற்று. அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு அறை, ஒரு குளியலறை, ஒரு நான். மாடியில் அக்கா, அத்தான், அவர்கள் மகள். அவளுக்கு நான் வைத்த பேர் சுண்டெலி. சின்ன வயதில் படியில் அப்படி ஓடுவாள். அவர்கள் மேலே ஊற்றுவது, அலசுவது, மற்றது எல்லாம் குழாய் வழியாக இறங்கி என் வாசலுக்கு முன்னால் இருக்கும் தொட்டியில் விழும். பம்ப் அதை ரோட்டுக் குழாய்க்குத் தூக்கிக் கொடுக்கும்.

நான் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டேன். அத்தான் பெரிய நாற்காலியில் இருந்த அதே அலுவலகம்தான். தினமும் அவரையும் ஏற்றிவிடுவேன். பலன், இப்போது என் வாசலில் வந்து விழுகிறது.

அத்தான் மேலே நின்றுகொண்டே கேட்டார்: "ஏன் மாப்ளே, பேசாம அந்தக் கீழ் ரூமை மூடி ஸ்டோர் ஆக்கிட்டா என்ன? இந்தத் தொல்லையே இருக்காதே." தொல்லை என்றது பம்பையா? கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

மார்ச் 6, வெள்ளி

பம்ப் கடைக்கு மூவரும் படையெடுத்தோம். முன்னால் மகாராஜா (அத்தான்), நடுவில் சுண்டெலி, பின்னால் கொடி பிடிக்காத நான்.

கடைக்காரி ஒரு வார்த்தை விலை பேசவில்லை. கேள்விதான். "தொட்டி எவ்வளவு ஆழம்? அங்கருந்து ரோட்டுக் குழாய் எவ்வளவு உயரம்? நடுவுல எத்தனை வளைவு? உள்ள என்னென்ன விழும்?"

"என்னம்மா கேள்வி இது? விழுறதுதான் விழும்" என்றார் அத்தான். "எத்தனை ஹெச்.பி. இருக்கு? இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு கொடு."

"சின்ன தொட்டிக்குப் பெரிய பம்ப் போட்டா ஒரே மடக்குல குடிச்சிட்டு நின்னுடும் சார். மறுபடி ரொம்பும், மறுபடி ஓடும். நின்னு நின்னு ஓடியே மோட்டார் கருகிடும். அளவா ரெண்டு போடுங்க. மாத்தி மாத்தி ஓடும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இருக்கும்."

பிறகு, துணி, முடி விழுந்தால் அரைத்துத் தள்ளுகிற பம்ப் ஒன்றைக் காட்டினாள். அத்தானுக்கு முகம் சிவந்தது. "நாங்க கௌரவமான குடும்பம்மா. துணியெல்லாம் அதுல போட மாட்டோம்."

"கௌரவமான வீட்லதான் சார் பாக்கெட்ல வர்ற ஈரத் துடைப்புத் துணிய டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்துறாங்க. மத்தவங்க அலசிக் காயப் போட்டுடுவாங்க."

நான் சிரித்தேன். சிரித்தது தப்பு. அரைக்கும் பம்ப் அந்த நிமிடமே தள்ளுபடியானது. சுண்டெலி மட்டும் விடவில்லை: "அப்பா, சாதா பம்பே இருக்கட்டும், ஆனா ரெண்டு வாங்குங்க. கீழ மாமா படுத்திருக்கார் இல்ல?" அவள் சொன்னால் மட்டும் மகாராஜா கேட்பார்.

மார்ச் 11, புதன்

முடிசூட்டு விழா. ஃபிட்டர் வந்து இரண்டு பம்பையும் தொட்டிக்குள் இறக்கினான். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், பம்ப் ஓடும், இறங்கினால் நிற்கும். அளவு மீறினால் மணி அடிக்கும். முதல் பம்புக்கு மகாராஜா என்றும் இரண்டாவதற்கு மச்சான் என்றும் பேர் சூட்டினேன்.

என் குளியலறைப் பக்கச் சுவரில் ஒரு வால்வும் வைத்தான். சின்னச் சக்கரம், சிவப்புச் சாயம். "தொட்டிய சுத்தம் பண்றப்ப இதை மூடிக்கங்க. மேலருந்து ஒரு சொட்டு இறங்காது."

"இறங்காட்டி எங்க போகும்?"

"எங்க போகும்? குழாய்லயே நிக்கும். ரொம்ப நேரம் மூடி வச்சா மேல் பாத்ரூம்லயே பொங்கிடும்" என்று சிரித்தான். போகும்போது அழுத்திச் சொன்னான்: "ரெண்டும் மாத்தி மாத்தி ஓடணும் சார். சும்மா கிடந்தா இறுகிடும்."

அவன் வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. அத்தான் பம்ப் ஸ்விட்சுகள் இருக்கும் பேனலைத் திறந்து மச்சானுக்குப் போகும் ஸ்விட்சை அணைத்தார். "ரெண்டையும் எதுக்குத் தேய விடணும்? ஒண்ணு புதுசாவே இருக்கட்டும்." பேனலைப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போயிற்று.

இவர் வீட்டு சோபாவுக்கு வாங்கிய அன்று வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அவிழவில்லை. உட்கார்ந்தால் தவளை கத்தும். கண்ணாடி அலமாரியில் ஒரு டின்னர் செட் உண்டு, சுண்டெலி பிறந்தபோது வந்தது. அதில் இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை. புதுசாகவே இருக்கிறது.

மார்ச் 14, சனி

மணியைச் சாப்பாட்டு அறையில் மாட்டச் சொல்லியிருந்தாள் கடைக்காரி. "மேல எதுக்குச் சத்தம்?" என்று அதை என் கதவுக்கு மேலே மாட்டிவிட்டார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

சாவி கேட்டேன். ஒரே ஒரு தடவை மச்சானை ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

"நீ லிஃப்ட் பாத்தவன். பம்பைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"ரெண்டும் மேல ஏத்துற வேலைதானே அத்தான்."

அவருக்கு இது பிடிக்கவில்லை. சாவி வரவில்லை. ஆனால் சேதி வந்தது: சுண்டெலி கட்டிக்கொள்ளப்போகிறவனின் வீட்டார் ஏப்ரல் 19 அன்று மதியம் சாப்பிட வருகிறார்கள். டின்னர் செட்டுக்கே அன்றுதான் விடுதலை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டேன். கத்தி போல நிற்கிறது. காலர் பட்டால் கழுத்து துண்டாகும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா கீழே வந்தாள். அக்கா கீழே வருவது கிரகணம் மாதிரி. எப்போதாவது நடக்கும், நல்லதுக்கு நடக்காது. கட்டிலில் உட்காரவில்லை.

"டேய், பத்தொன்பதாம் தேதி நீ கீழயே இரு. பம்பைப் பாத்துக்க. அன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா மானம் போயிடும்."

"நான் மேல வந்தா மானம் இருக்குமா?"

"அதுக்கில்லடா. உன் வாய் சும்மா இருக்காது. போன தடவை வந்தவங்ககிட்ட லிஃப்ட் கூரையப் பிச்சிக்கிட்டு மேகத்துல போயி நின்னுச்சுன்னு சொன்னியே. அவங்க நம்மளைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?"

மேகத்தில் நின்றதை மட்டுமா சொன்னேன்? மேகத்தில் ஒருவர் ஏறினார், நாலாவது மாடி கேட்டார் என்றும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். சுண்டெலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதை அக்கா கணக்கில் எடுக்கவில்லை.

"சாப்பாடு கீழ அனுப்புறேன்" என்று போனாள்.

நீலச் சட்டை சுவரில் நிற்கிறது. என்னடா முறைக்கிற? உன்னையும் புதுசாவே வச்சிருக்காங்க.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆகா! எழுதுகோலே, நடுங்காதே.

மதியம் சாப்பாடு எவர்சில்வர் தூக்கில் வந்தது. மேலே பீங்கான் தட்டுகள் கலகலக்கும் சத்தம். சுண்டெலியின் குரல். ஆள் நடமாட்டம், பாத்ரூம் கதவு, தண்ணீர், மறுபடி பாத்ரூம் கதவு. முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் மணி அடித்தது.

மகாராஜா பம்ப் உறுமுகிறதே தவிரத் தள்ளவில்லை. எதையோ விழுங்கித் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டுவிட்டது. தொட்டி மூடியின் விளிம்பில் கறுப்புத் தண்ணீர். ஓடினேன். படித் திருப்பத்தில் அக்கா கையை விரித்து மறித்தாள்.

"வராதடா! மணிய நிறுத்து முதல்ல. என்னன்னு கேக்கறாங்க."

"சாவி குடு அக்கா. மேல யாரும் தண்ணி விடாதீங்க."

"விருந்தாளிகிட்ட பாத்ரூம் போகாதீங்கன்னா சொல்லுவேன்?"

சாவி வந்தது. பேனலைத் திறந்து மச்சானுக்கு ஸ்விட்ச் போட்டேன். ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. புதுசாகவே இறுகிவிட்டது. தண்ணீர் என் வாசற்படியைத் தாண்டியது.

அப்போதுதான் உலகமே, நான் வால்வின் பக்கம் திரும்பினேன்! சிவப்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பி மூடினேன். என் அறைக்கு இனி ஒரு சொட்டு இல்லை. குழாய் கர்ப்பிணி போல உப்பியது. மேலே பாத்ரூமிலிருந்து நீரூற்று கிளம்பியது பாருங்கள், ராஜாக்களின் தோட்டத்தில்கூட அப்படிக் கிடையாது. கூரையில் முட்டி மழையாக இறங்கியது. அத்தான் நாற்காலியோடு மிதந்து மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். பிளாஸ்டிக் உறை போட்ட சோபா ஒன்றுதான் நனையவில்லை, அதில் சம்பந்தி வீட்டார் ஏறி உட்கார்ந்து படகு விட்டார்கள். டின்னர் செட் கடற்படையாக அணிவகுத்தது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளத்தின் மேலேயே நடந்து, முதல் தடவையாக ஒரு விருந்தாளியாக அந்த மாடியில் போய் இறங்கினேன். "எந்த மாடி வேணும்?" என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஏப்ரல் 20, திங்கள்

அறையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

ஏப்ரல் 23, வியாழன்

ஃபிட்டர் மகாராஜாவைத் தூக்கி வாயைத் திறந்தான். உள்ளே சுழலும் சக்கரத்தில் ஈரத் துடைப்புத் துணிகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிச் சுற்றியிருந்தன. கப்பல் கட்டலாம். மச்சானைத் தூக்கினான். வெளிப்பக்கம் வாங்கிய அன்றைய பளபளப்பு, ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. சக்கரம் மட்டும் அசையவில்லை.

"சொன்னேனே சார், ஓட்டணும்னு."

அத்தான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஆளை வச்சும் பிரயோஜனமில்லை."

அக்கா சொன்னது அதைவிட மோசம். "உன்னை நம்பி ஒரே ஒரு வேலைதாண்டா கொடுத்தோம்."

ஒரே ஒரு வேலையா? சாவிய இடுப்புல வச்சுக்கிட்டு, மணிய என் தலையில மாட்டிட்டு... போதும். எழுதி என்ன. கட்டில், மெத்தை, லிஃப்ட்காரன் தொப்பி, நீலச் சட்டை எல்லாம் போயிற்று. சட்டை சுவரில்தான் இருந்தது. துடைக்க வேறு துணி கிடைக்கவில்லை.

கீழ் ரூம் ஸ்டோர் ஆகிறது. நான் மொட்டைமாடி அறைக்கு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

மே 2, சனி

கடைசியில் எனக்கும் பதவி உயர்வு. வீட்டிலேயே உயரமான இடம். லிஃப்ட் இல்லை. முழங்கால் இரண்டும் படிக்குப் படி ராஜினாமா கடிதம் நீட்டுகின்றன.

சுண்டெலிதான் பெட்டியைத் தூக்கி வந்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வீடு ரொம்பப் பிடித்திருந்ததாம். எவ்வளவு சுத்தம், எவ்வளவு அமைதி என்றார்களாம். ஒரு மணிச் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

"என்னைக் கேட்டாங்களா?"

பெட்டியின் பூட்டை நோண்டிக்கொண்டிருந்தாள். "நீங்க வெளியூர் போயிருக்கீங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க மாமா."

"போய்ட்டுத்தான் வந்தேன். சந்திர மண்டலம். கொஞ்சம் வேலை இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. "ஃபிட்டர் சொன்னார். அந்த வால்வை மூடியிருந்தா உங்க ரூமுக்குத் தண்ணி வந்திருக்காதாம். மேலதான் வந்திருக்குமாம். உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"தெரியாதும்மா. நான் லிஃப்ட் பாத்தவன்."

மே 10, ஞாயிறு

கீழே புதுப் பம்புகள். இந்தத் தடவை அரைக்கும் பம்ப். மாற்றி மாற்றி ஓடுகின்றன. மணியைச் சாப்பாட்டு அறையிலேயே மாட்டிவிட்டார்கள்.

பத்தொன்பதாம் தேதி எழுதியதை இன்று திருப்பிப் படித்தேன். நல்ல புளுகு. நீரூற்று இல்லை, கடற்படை இல்லை, மின்விசிறியில் யாரும் சுற்றவில்லை, யாரும் கை தட்டவில்லை. முழங்கால் அளவு சாக்கடையில் பக்கெட்டும் கையுமாக நின்றேன், அவர்கள் சாப்பிட்டு முடித்துப் போகிறவரை.

வால்வின் மேல் கை வைத்தது மட்டும் நிஜம். இரண்டு கையும். சக்கரம் சில்லென்று இருந்தது. மேலே சுண்டெலி எதற்கோ சிரித்தாள். கையை எடுத்துவிட்டேன்.