நம் ஊரில் நடக்காத பரீட்சை

தில்லி

அன்புள்ள அய்யாவுக்கு,

கோகிலா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம்தான். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சிக்கு வந்த உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். பயப்படாதீர்கள், மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கிறேன். ஆனால் ஊர் ஊராகப் போய், நான் எழுதிய கணக்குக் கேள்விகளைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கும் வேலை ரத்தாகிவிட்டது.

“தில்லிப் பள்ளிகளே போதும், கோகிலா. இருப்பதை வைத்து முடித்துவிடு” என்றார் பேராசிரியர்.

“எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டே பார்க்காமல் அவர்களை எப்படி அளப்பது, சார்?” என்றேன்.

நான் எழுதிய ஒரு கேள்வியில் லிஃப்டிலிருந்து ஆட்கள் இறங்குவார்கள். கழித்தல் நன்றாகத் தெரிந்த நம் பிள்ளை, “லிஃப்டுன்னா என்ன டீச்சர்?” என்று முழித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கணக்கு வராது என்று எழுதிவிடுவார்கள். பேராசிரியருக்கும் வருத்தம்தான். ஆனாலும் ஊர்ப் பட்டியலிலிருந்து நம் அபிராமத்தை நீக்கச் சொன்னார். நானே நீக்கினேன்.

“எப்பத்தா வார?” என்று போனில் ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். சொன்னபடி மாசியில் பரீட்சை வைக்க வர முடியாது, அய்யா. நம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் கொஞ்சம் மிளகாய் வற்றல் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் காரமே இல்லை. எனக்காக ஒழித்துவைத்த அறையில் மிளகாய் மூட்டைகளைத் திரும்ப அடுக்கிக்கொள்ளுங்கள்.

டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
கோகிலா